பதில் மரியாதை: இணையக் குழுக்களில் மறுமொழி குறித்த பிணக்குகள்

இணையக் குழுவில் பதில் எழுதுபவர் ஒருவருக்கு எழுதுகிறார், படிப்பவர்கள் பலர். கேட்டவருக்குத் தாம் கேட்டது நினைவில் இருக்கும். மற்றவர்களுக்கு அப்படியில்லை. சிலர் அன்று முழுவதும் வேலையாக இருந்துவிட்டு இரவில் திறந்து பார்ப்பார்கள்; சிலர் ஆறு மாதம் கழித்து, அதே சந்தேகம் தமக்கும் வந்தபோது தேடி வருவார்கள். முதல் வகையினருக்கு வசதியான பதில் மற்ற இரு வகையினருக்குப் புரியாது. இவர்களுக்கு ஏற்ற பதில் முதல் வகையினருக்கு வளவளவென்று தோன்றும். பழைய மடலில் எவ்வளவு எடுத்துக்காட்டுவது, பதிலை அதன் மேலே எழுதுவதா கீழே எழுதுவதா, எல்லோருக்கும் அனுப்புவதா கேட்டவருக்கு மட்டுமா, எத்தனை நேரத்துக்குள், எந்த மரியாதைச் சொல்லோடு என்று நடக்கும் வாதங்களில் பெரும்பகுதி இந்த இடத்திலிருந்து கிளம்புபவை. மீதிப் பகுதி அதிகாரத்தைப் பற்றியது: யார் கேட்டால் யார் பதில் சொல்லியாக வேண்டும்? 1980-களில் கணினித் துறையினர் தங்களுக்குள் தொடங்கிய இந்த வழக்கு, 2017-இல் புதுச்சேரியில் துணைநிலை ஆளுநருக்கும் முதலமைச்சருக்கும் இடையே அரசாணை மோதலாகவே வெடித்தது.

கடிதக் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அரசு அலுவலகக் கடிதத்தில் ‘பொருள்’ என்றொரு வரி, அதன் கீழே ‘பார்வை’ என்றொரு வரி. எந்தக் கடிதத்துக்கு, எந்தத் தேதியிட்டதற்கு இது பதில் என்பது அந்த ஒற்றை வரியில் அடங்கிவிடும். பழைய கடிதத்தை யாரும் மறுபடி எழுதுவதில்லை. அது கோப்பில் இருக்கும். கணினி வழி மடலில் நகல் எடுக்கச் செலவே இல்லாததால், பழைய மடல் முழுவதும் புதிய மடலோடு ஒட்டிக்கொண்டு வரத் தொடங்கியது.

1979-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் வடிவமைத்த யூஸ்நெட்டில்தான் மறுமொழி ஒழுங்குகள் முதலில் உருவாயின. தொலைபேசிக் கம்பி வழியே மெல்ல நகர்ந்த செய்திகளில் ஒவ்வொரு வரிக்கும் காசு. அதனால், பதிலுக்குத் தேவையான வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டுவது, எடுத்துக்காட்டிய வரியின் முன்னால் ஒரு கோணக்குறி இடுவது, பதிலை அதற்குக் கீழே எழுதுவது என்ற பழக்கம் வந்தது. மேற்கோள் வரிகள் புதிய வரிகளைவிட மிகுந்தால் மடலை ஏற்க மறுக்கும் மென்பொருள்கூட இருந்தது. கோணக்குறிக்குப் பதில் வேறு குறியைப் போட்டு அதை ஏமாற்றியவர்களும் இருந்தார்கள். 1995 அக்டோபரில் இன்டெல் நிறுவனத்தின் சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நடத்தைக் குறிப்பு, முந்தைய செய்தியின் சுருக்கத்தையோ தேவையான பகுதியையோ தரும்படியும், கையொப்பத்தை நான்கு வரிக்குள் நிறுத்தும்படியும் பரிந்துரைத்தது. மேலா கீழா என்ற சண்டையில் பின்னாளில் இரு தரப்பும் இதைச் சாட்சிக்கு இழுத்தாலும், அது அவ்வளவு கறாரான சட்டப் புத்தகம் இல்லை.

சண்டையை மூட்டிவிட்டது அலுவலக மென்பொருள். மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்கில் பதில் பொத்தானை அழுத்தினால் பழைய மடல் முழுவதும் கீழே நிற்கும், எழுதும் இடம் மேலே திறக்கும். அலுவலகத்தில் இரண்டு பேருக்கிடையே நடக்கும் கடிதப் போக்குவரத்துக்கு இது போதும். கீழே கிடப்பது கோப்பு மாதிரி. நூறு பேர் இருக்கும் குழுவுக்குள் இதே பழக்கத்தோடு புதியவர்கள் நுழைந்தபோது பழையவர்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 2004-இல் வந்த ஜிமெயில் மடல்களை உரையாடலாக அடுக்கி, பழைய பகுதியை மூன்று புள்ளிக்குள் ஒளித்து வைத்தது. ஜிமெயில்காரர்களின் கண்ணுக்குச் சிக்கல் தெரியாமல் போயிற்று. மற்ற மென்பொருளில் படித்தவர்களுக்கு அது அப்படியே இருந்தது.

இதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பு பற்றிக் குழுவில் ஒருவர் கேட்கிறார்: “காந்தி சிலை அருகிலா, பாரதி பூங்காவிலா? மணி நான்கா, ஐந்தா? மடிக்கணினி எடுத்து வரணுமா? தம்பியையும் கூட்டி வரலாமா?” பழைய மடலை முழுதாகக் கீழே தள்ளிவிட்டு, மேலே “ஆமாம், வாங்க” என்று ஒருவர் பதில் போடுகிறார். கேட்டவருக்கே குழப்பம்; மறுநாள் படிப்பவருக்கு ஒன்றுமே விளங்காது. ஒவ்வொரு கேள்வியையும் தனியே நிறுத்தி அதனடியில் ஒரு சொல் எழுதியிருந்தால் நான்கு சொல்லில் முடிந்திருக்கும் வேலை, இப்போது ஏழெட்டு மடல்களாக நீள்கிறது. கேள்வி ஒன்றே ஒன்றாக இருந்தாலோ, மேலே எழுதுவதில் ஒரு நட்டமும் இல்லை. கைப்பேசியின் சிறிய திரையில் கீழே உருட்டிக்கொண்டே போக வைப்பதும் மரியாதைக் குறைவுதான். வடிவத்தைப் பற்றிய இந்தப் பழைய சண்டையில் நியாயமான தீர்ப்பு இவ்வளவே: பல கேள்விக்கு இடையிட்ட பதில், ஒற்றைக் கேள்விக்கு எந்த இடமும் சரி, எந்த நிலையிலும் தேவையற்ற வால் கூடாது.

தமிழ்நாட்டில் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தவர்கள் கட்டற்ற மென்பொருள்காரர்கள். சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் மடற்குழு பல ஆண்டுகள் சென்னை ஐஐடியின் விண்வெளிப் பொறியியல் துறை வழங்கியில் இயங்கியது. குழுவுக்கென்று எழுதி வைத்த விதிமுறை இருந்தது. அந்தப் பக்கத்தின் முகவரி ஒவ்வொரு மடலின் அடியிலும் தானாகச் சேர்ந்து வரும். மேலெழுதிய புதியவருக்குக் கேட்ட கேள்விக்கு விடை வருவதற்கு முன்பே விதிமுறையைப் படிக்கச் சொல்லும் மடல் வந்துவிடும். ஒழுங்கு காப்பாற்றப்பட்டது என்பது உண்மை. ஒரு சந்தேகம் கேட்க வந்த கல்லூரி மாணவர் வாயை மூடிக்கொண்டு போனதும் உண்மை.

வரிவரியாக எடுத்து நிறுத்தி மறுமொழி சொல்வது தமிழ்க் கல்வி உலகுக்குப் புதிதன்று. கேள்வியும் விடையும் வழுவாமல் அமைய வேண்டும் என்பதைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே பேசுகிறது. கேள்விக்குக் கேள்வியே விடையாக வருவதையும் ஏற்கிறது. பவணந்தியார் நன்னூலில் விடையை எட்டாக வகுத்தார்: சுட்டு, மறை, நேர் என்று நேரடியாகச் சொல்பவை மூன்று; ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்று குறிப்பால் சொல்பவை ஐந்து. ‘இதைச் செய்வாயா’ என்றதற்கு ‘நீயே செய்’ என்பது ஏவல். ‘கை வலிக்கிறது’ என்பது உற்றது உரைத்தல். குழுக்களில் கோபத்தைக் கிளப்பும் பதில்களில் பாதி இந்த ஐந்தில் ஏதாவது ஒன்றாக இருக்கும். நேரில் பேசும்போது முகமும் குரலும் சேர்ந்து குறிப்பை உணர்த்திவிடுகின்றன. எழுத்தில் ‘நீயே தேடிப் பார்’ என்பது வெறும் ஏவலாகவே போய்ச் சேர்கிறது.

கண்டன நூல்களிலும் முறை இருந்தது. சிவஞான சித்தியாரின் பரபக்கம் எதிர்த்தரப்பின் கொள்கையை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மறுக்கத் தொடங்குகிறது. 18-ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் ‘இலக்கண விளக்கம்’ என்ற நூலை மறுத்து எழுதிய ‘இலக்கண விளக்கச் சூறாவளி’, மறுக்க எடுத்துக்கொண்ட இடங்களை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்தி மறுக்கும் நூல். எதிராளி சொன்னதைக் காட்டாமல் மறுப்பை மட்டும் எழுதுவது அந்த மரபில் செல்லாது. ஆனால் மரபு நடுநிலையாக வெட்டச் சொன்னதே தவிர, மென்மையாக வெட்டச் சொல்லவில்லை. சூறாவளி என்று பெயர் வைத்தவரிடம் மென்மையை எதிர்பார்க்கவும் முடியாது.

தமிழ் மடலாடற்குழுக்களின் கதை 1995-இல் பாலா பிள்ளை ஆஸ்திரேலியாவிலிருந்து தொடங்கிய தமிழ்.நெட்டிலிருந்து வருகிறது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள் வழியே தமிழ் எழுத்திலேயே மடல் எழுதும் வாய்ப்பு அங்கே பலருக்குக் கிடைத்தது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய, தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்துக்கு ஆள் சேர்ந்ததும் இந்த வட்டத்தில்தான். பின்னால் யாஹூ குழுமங்களில் அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று பெருகின. கூகுள் குழுமத்தில் தமிழ் மரபு அறக்கட்டளையின் மின்தமிழ் வந்தது. ‘மடல்’, ‘இழை’, ‘குழுமம்’, ‘மட்டுறுத்துநர்’ போன்ற சொற்கள் புழங்கித் தேய்ந்தது இங்கேதான்.

இந்தக் குழுக்களுக்கென்று சில தனிச் சண்டைகள் உண்டு. முதலாவது எழுத்துருவால் வந்தது. ஒருவர் இணைமதி எழுத்துருவில் எழுத, ஒருவர் மயிலை எழுத்துருவில் படிக்க, இன்னொருவர் பின்னால் வந்த திஸ்கி குறியாக்கத்தில் பதில் போட்டால், மேற்கோளாக நிற்கும் பழைய மடல் புரியாத குறிகளாக உதிரும். இந்த நிலையில் மேற்கோளை வெட்டுவதா விடுவதா என்பதற்கே பொருளில்லை. அதனால் பலர் ரோமன் எழுத்தில் தமிழை அடித்தார்கள். அதைத் தமிழுக்குச் செய்யும் அவமதிப்பாகப் பார்த்தவர்கள் அந்த மடல்களுக்குப் பதிலே போடவில்லை. ஒருங்குறி பரவிய பிறகு இது ஓய்ந்தது. 2014 செப்டம்பரில் தமிழ்க் கணினித் துறையினரின் உத்தமம் அமைப்பு தன் தமிழ் இணைய மாநாட்டைப் புதுவைப் பல்கலைக்கழகத்தில் கூட்டியபோது குறியாக்கச் சண்டை ஏறக்குறைய பழங்கதையாகியிருந்தது. ரோமன் எழுத்துத் தமிழ் மட்டும் கைப்பேசியில் மறுபிறப்பு எடுத்து இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது பாராட்டுப் பதில். ‘அருமை ஐயா’, ‘நன்று’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு அடியில் இருநூறு வரி பழைய மடல் தொங்குவதைத் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் வீண் என்றார்கள். எழுதியவருக்கோ, படித்ததற்கு ஓர் அடையாளம்கூட இல்லாமல் போவதுதான் அவமரியாதை. மூன்றாவது விளிப்பு. ஐயா, அம்மா, அண்ணா, தோழர், வெறும் பெயர் என்று எதைப் போட்டாலும் அது வயதையும் கட்சியையும் நெருக்கத்தையும் காட்டிக்கொடுக்கிறது. வாதம் சூடேறும்போது ‘ஐயா’ திடீரென்று ‘திரு’வாக மாறினால், அடுத்த மடலில் என்ன வரும் என்று பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். புதுச்சேரிக்கு இதில் இன்னொரு பழக்கமும் சேர்கிறது. பிரெஞ்சு முறைக் கடிதத்தில் பெறுபவரின் தகுதிக்கு ஏற்ப முடிவு வாசகமே மாறும். பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தோடு கடிதத் தொடர்பு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அது கைவந்த ஒன்று. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவருக்கு விளிப்பும் முடிப்பும் இல்லாத ஒற்றைவரிப் பதில் முகத்தில் அடித்த மாதிரி இருப்பதில் வியப்பில்லை.

யாஹூ குழுமங்கள் மூடப்பட்டபோது மேற்கோள் விவகாரத்துக்கு எதிர்பாராத ஒரு திருப்பம் ஏற்பட்டது. 2019 இறுதியில் புதிய பதிவுகள் நிறுத்தப்பட்டன. 2020 டிசம்பரில் சேவையே நின்றது. இணையத்தில் இருந்த மடல் சேமிப்பு அழிக்கப்பட்டது. தங்கள் அஞ்சல் பெட்டியில் பழைய மடல்களை வைத்திருந்தவர்களிடமே அந்த உரையாடல்கள் பெரும்பாலும் மிஞ்சின. ஒழுங்காக வெட்டி எழுதிய மடலில் ஒரு துண்டுதான் கிடைக்கும். முழு வாலையும் தொங்கவிட்ட ‘அருமை ஐயா’ மடலில் இழை முழுவதும் கிடைக்கும்.

பதில் யாருக்குப் போக வேண்டும் என்பது தனி வழக்கு. குழுவுக்கு வந்த மடலுக்குப் பதில் பொத்தானை அழுத்தினால் அது எழுதியவருக்கு மட்டும் போக வேண்டுமா, குழு முழுவதுக்குமா? சிப் ரோசன்தால் குழு முகவரியைத் திணிப்பது கேடு என்று கட்டுரை எழுதினார். அது பயனுள்ளதே என்று சைமன் ஹில் எதிர்க் கட்டுரை எழுதினார். அந்தரங்கமாக எழுதியது ஊருக்கே போய்விடும் என்பது முதல் தரப்பு. பயனுள்ள விடை ஒருவரிடமே முடங்கிவிடும் என்பது இரண்டாம் தரப்பு. இதில் முதல் தரப்பின் அச்சம் கனமானது. முடங்கிய விடையை மறுபடி அனுப்பிவிடலாம், ஊருக்குப் போனதைத் திரும்ப அழைக்க முடியாது. அனைவருக்கும் பதில் போடும் பொத்தானின் வலிமையை 2016 நவம்பரில் இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை கண்டது. ஒரு சோதனை மடல் தவறுதலாக எல்லா ஊழியர்களுக்கும் போக, ‘என்னை இதிலிருந்து நீக்குங்கள்’ என்று அனைவருக்கும் பதில் போட்டவர்களால் ஒன்றேகால் மணி நேரத்தில் சுமார் 50 கோடி மடல்கள் பாய்ந்தன.

வாட்ஸ்அப் வந்த பிறகு மேலா கீழா என்ற கேள்வி மறைந்தது. இடத்தை மென்பொருளே முடிவு செய்கிறது. குறிப்பிட்ட செய்தியைச் சுட்டிப் பதில் சொல்லும் வசதி 2016-இல்தான் வந்தது. வசதி இருந்தும் பலர் பயன்படுத்துவதில்லை. லாஸ்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ உள்ள ஒரு தெருக் குழுவை நினைத்துக்கொள்ளலாம். காலையில் ஒரு மரணச் செய்தி வருகிறது. ‘ஆழ்ந்த இரங்கல்’ வரிசையாக இறங்குகிறது. நடுவில் ஒருவர் நாளை குடிநீர் வராது என்று அறிவிக்கிறார். அதற்கு இன்னொருவர் சுட்டாமல் போட்ட கட்டைவிரல் குறி, இடையில் புகுந்த இரண்டு இரங்கலுக்குக் கீழே போய் நிற்கிறது. இறந்தவர் வீட்டார் அதைப் பார்க்கிறார்கள். இந்தக் கட்டைவிரல் சாதாரணமானதன்று: 2023-இல் கனடாவின் சஸ்காட்செவன் மாகாண நீதிமன்றம், தானிய ஒப்பந்தத்தின் படத்துக்கு மறுமொழியாக ஒரு விவசாயி அனுப்பிய கட்டைவிரலைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டு 82,000 கனடிய டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது.

மௌனத்துக்கும் பொருள் வந்துவிட்டது. 2014 நவம்பரில் அறிமுகமான நீலக்குறி, படித்தாயிற்று என்பதைப் போட்டுக்கொடுக்கிறது. கடிதம் வந்து சேரவில்லை என்று சொல்லித் தப்பிய காலம் போய், படித்தும் பதில் இல்லை என்பது ஒரு குற்றச்சாட்டாகிறது. இந்தக் குற்றச்சாட்டு சமமானவர்களிடையே மனத்தாங்கலோடு முடியும். மேலதிகாரிக்கும் கீழுள்ளவருக்கும் இடையே அப்படி முடிவதில்லை.

2016 மே மாதம் புதுச்சேரியின் துணைநிலை ஆளுநராகப் பொறுப்பேற்ற கிரண் பேடி, அதிகாரிகளை வாட்ஸ்அப் குழுக்களில் சேர்த்து நிர்வாகத்தைக் கவனிக்கத் தொடங்கினார். வாய்க்கால் அடைப்போ குப்பைக் குவியலோ குழுவில் ஏறும். உரிய துறை அதிகாரி அங்கேயே பதில் சொல்ல வேண்டும். வழக்கமான முறையில் இது கோப்பாகி, உதவியாளரிடமிருந்து கண்காணிப்பாளர், சார்புச் செயலர், செயலர், அமைச்சர் என்று படியேறும். குழுவில் அந்தப் படிகள் ஏதும் இல்லை. ஆளுநரின் கேள்வியும் அதிகாரியின் விளக்கமும் சக அதிகாரிகள் அனைவரின் கண்முன் நடந்தன. 2017 ஜனவரியில் முதலமைச்சர் வே. நாராயணசாமியின் அரசு, அலுவல் தொடர்புக்குச் சமூக ஊடகத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆணையிட்டது. அந்நிறுவனங்களின் வழங்கிகள் வெளிநாட்டில் இருப்பதும் அரசுத் தகவல் கசியலாம் என்பதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஆளுநர் அந்த ஆணையைச் செல்லாது என்று ரத்து செய்தார். ஏறக்குறைய அதே நாட்களில், ஆளுநரும் இருந்த ஒரு குழுவில் ஆபாசக் காணொளி பதிந்ததாக மூத்த அதிகாரி ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதும் சேர்ந்து, விவகாரம் நாடு முழுவதும் செய்தியானது.

வேகம் வேண்டும் என்ற ஆளுநர் தரப்பில் நியாயம் இருந்தது. அடைத்த வாய்க்கால் கோப்பு படியேறும்வரை காத்திருக்காது. பதிவு வேண்டும் என்ற முதலமைச்சர் தரப்பிலும் நியாயம் இருந்தது. குழுவில் ‘சரி, செய்கிறோம்’ என்று எழுதிய அதிகாரி யாருடைய ஆணையின்படி செய்தார் என்பதற்குக் கோப்பில் ஒரு வரியும் இருக்காது. ஒரு பதிலுக்கு ஆணைக்கு உரிய மதிப்பு உண்டா, அது வெறும் தகவலா என்பதை இரு தரப்பும் தெளிவாக்காமல், வழியைத் திறப்பதிலும் அடைப்பதிலுமே நின்றதுதான் குறை. ஆளுநரின் அதிகார வரம்பு பற்றிய வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 2019 ஏப்ரல் 30 அன்று நீதிபதி ஆர். மகாதேவன், அன்றாட நிர்வாகத்தில் ஆளுநர் தலையிட முடியாது என்று தீர்ப்பளித்ததோடு, நிர்வாக விஷயங்களில் அதிகாரிகள் அங்கீகரிக்கப்பட்ட தொடர்பு வழியையே கையாள வேண்டும் என்றும் கருத்துரைத்தார். 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

சட்டம் புதுச்சேரியின் இணைய எழுத்தை அதற்கு முன்பே தொட்டிருந்தது. 2012 அக்டோபரில், அப்போதைய மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரித் தொழில்முனைவோர் ஒருவர் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் கைதானார். எரிச்சலூட்டும் செய்தி என்பதையே குற்றமாக்கிய அந்தப் பிரிவை, ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று நீக்கியது. மரியாதைக் குறைவுக்கும் குற்றத்துக்கும் நடுவில் கோடு வேண்டும் என்பது அதன் விளைவு. குழு நிர்வாகிகளின் பொறுப்பு பற்றியும் நீதிமன்றங்கள் ஒரே திசையில் பேசியிருக்கின்றன. 2021-இல் மும்பை உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வும், அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வும், 2022-இல் கேரள உயர்நீதிமன்றமும், நிர்வாகி என்ற ஒரே காரணத்துக்காக உறுப்பினர் எழுதியதற்கு ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்றன.

நிர்வாகிக்குச் சட்டப் பொறுப்பு இல்லை என்பதால் வேலையும் இல்லை என்றாகாது. சுட்டிப் பதில் சொல்லுங்கள், துக்கச் செய்திக்கு நடுவே அறிவிப்பு வேண்டாம், சொந்தச் சச்சரவைத் தனியே பேசுங்கள், பதில் வர ஒரு நாள் பொறுங்கள் என்று நான்கு வரி எழுதி வைத்தால் பாதிப் பிணக்கு அடங்கும். எழுதாத விதியை மீறியதாக ஒருவரைத் திட்டுவதே இந்தக் குழுக்களில் நடக்கும் பெரிய மரியாதைக் குறைவு. குழு விளக்கம் எழுத வாட்ஸ்அப்பில் 2018-லிருந்தே இடம் உண்டு. பல குழுக்களில் அது இன்னும் காலியாகவே இருக்கிறது.